பேர் எழுதாத வெள்ளை வேன்

போன கிழமை நிஸ்தாரைக் காத்தான்குடியில் அவன் பெண்சாதி வீட்டு முற்றத்தில், வெள்ளை வேனுக்குப் பக்கத்தில், வியர்க்க வியர்க்க நிற்கவைத்துவிட்டு வந்தோம். மனுசன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நிஸ்தார் டோஹாவில் வருசக்கணக்காகப் பூச்சி மருந்து அடித்தவன். கரப்பான், எலி, கறையான், மூட்டைப்பூச்சி எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் அங்கே இருந்த காலத்தில் இங்கே பெண்சாதி ஸுஹைனாவுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கி, தங்காமல் போனது. இரண்டு முறையும் அவன் ஃபோனில்தான் அழுதான். இப்போது மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது, மூன்று மாதம். இந்த முறை பக்கத்தில் இருந்தே தீருவேன் என்று வேலையை உதறிவிட்டு வந்துவிட்டான்.

வந்தால் போதுமா? இங்கே பிழைக்க வேண்டாமா? அதற்குத்தான் அந்தப் பழைய வேன். சனிக்கிழமை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் முதல் வேலை. வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் கேட்டுக்குள்ளேயே விடமாட்டோம் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த வேன் ஓடினால் நிஸ்தார் ஊரில் நிற்பான். ஓடாவிட்டால் மறுபடியும் விமானம்தான்.

அந்த வேனில் இன்னும் பேர் எழுதவில்லை. எழுத விடவில்லை மாமியார் உம்மு குல்தூம். இளைய மகள் நிஸ்மியாவின் கல்யாணம் முடியும்வரை வாசலில் கரப்பான் படம் போட்ட வண்டி நிற்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. மாப்பிள்ளை வீட்டாரிடம், மூத்த மருமகன் பிஸ்னஸ் செய்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறார். என்ன பிஸ்னஸ் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நம்முடைய ஊர்களில் இப்படி எத்தனை பிஸ்னஸ் நடக்குது, எனக்கென்ன தெரியாதா!

கல்யாணம் இன்றைக்கு. இன்சூரன்ஸ்காரர் வண்டி பார்க்க வருவதும் இன்றைக்கு. வேறு நாள் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். காலையில் ஸுஹைனாவும் அதைத்தான் கேட்டாள்.

"ஊட்டுல கலியாணத்த வெச்சிக்கிட்டு இண்டைக்கா வரச் சென்னீங்க?"

"அவரு நாளைக்கிக் கொழும்புக்குப் போறாராம் புள்ள. இண்டைக்கி உட்டா ஹோட்டல் வேல போச்சி."

"உம்மா கத்தப் போறா."

"கத்தினாக் கத்தட்டும். கொஞ்ச நேர வேலதான்."

இன்சூரன்ஸ்காரர் ஜெயரூபன், அமிர்தகழிக்காரர். சின்ன நீலக் காரில் வந்து இறங்கினார். பந்தல் போட்ட முற்றத்தைப் பார்த்ததும் தயங்கினார். "அடடே, கலியாண வீடா? நான் பிறகு வாறன் தம்பி."

"இல்லண்ணன், வாங்க. எல்லாம் ரெடி."

ரெடிதான். நிஸ்தார் வேனின் பின்கதவைத் திறந்து காட்டினான். மருந்தடிக்கிற மெஷின், சுருட்டி வைத்த ஹோஸ், கையுறை, முகமூடி, கீழே வரிசையாக மருந்து கேன்கள். விடிய எழும்பி அடுக்கியிருந்தான். கடை போட்டவன் முதல் வியாபாரத்துக்குக் காத்து நிற்கிற மாதிரி முகத்தில் ஒரு சிரிப்பு.

ஜெயரூபன் உள்ளே எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி. சுவர் எங்க?"

"எந்தச் சுவரண்ணன்?"

"நீங்க இருக்கிற சீட்டுக்கும் இந்த மருந்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு வேணும். மருந்துக்குப் பூட்டுற பெட்டி வேணும். இதெல்லாம் நான் முதலே சொன்னதுதானே."

"ஆரையம்பதியில தனோஜன்ட வெல்டிங் கடையில குடுத்திருக்கன். ரெண்டும் இண்டைக்கித் தாறன் எண்டவன்."

"அது வந்து ஏறட்டும், படம் எடுப்பன்." ஒரு கேனைச் சப்பாத்து நுனியால் தொட்டார். அது ஆடியது. "இது என்ன?"

"கறையான் மருந்து. தண்ணி கலக்காதது."

"கட்டாமல் வச்சிருக்கிறீங்களே?"

"உங்களுக்குக் காட்டத்தான் வெச்ச."

ஜெயரூபன் பெருமூச்சு விட்டார். "தம்பி, வடிவாக் கேளுங்க. இப்ப இந்த வேனுக்கு இருக்கிறது வெறும் தேர்ட் பார்ட்டி. அதுவும் வீட்டுப் பாவனைக்கு எண்டு எடுத்தது. இந்தச் சாமானோட ரோட்டுல இறங்கி ஏதும் நடந்தா, கம்பனி கைய விரிச்சிரும். ஆருக்கு என்ன நடந்தாலும் எல்லாம் உங்கட தலையிலதான் விடியும்."

"விளங்குது."

"பேரும் எழுதோணும். பேரில்லாத வெள்ளை வேன்லதானே அந்த நாள்ல ஆளக் கடத்தினவங்க, எங்கட சனத்துக்கு இண்டைக்கும் பயம். உங்களுக்குத் தெரியாததா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். நிஸ்தார் சிரிக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் அந்தப் பகிடிக்கு ஆரும் முழுசாகச் சிரிப்பதில்லை.

"மத்தியானம் திரும்பி வாறன். தடுப்பும் பெட்டியும் ஏறியிருந்தா இண்டைக்கே கவர் நோட் தாறன். அதுவரைக்கும் இத ஓட்டிராதீங்க."

நிஸ்தார் சொல்பேச்சுக் கேட்கிறவன். ஓட்டக்கூடாது என்றால் ஓட்டமாட்டான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆரையம்பதிக்குப் போனான். கேன்களை இறக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற கல்யாண வீடு, வேனுக்குள்ளே பூட்டிவைப்பதுதான் பத்திரம் என்று நினைத்தான். அந்த நினைப்பில் பிழையில்லை. பூட்டிய சாவியை வாசல் ஆணியில் எல்லாச் சாவிகளோடும் மாட்டிவிட்டு, ஒருத்தரிடமும் ஒரு சொல் சொல்லாமல் போனானே, அதற்குத்தான் அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது எனக்கு.

ஆரையம்பதியில் கரண்ட் இல்லை. தனோஜன் பெட்டியை முடித்துவிட்டான், தடுப்புத் தகரத்தில் இன்னும் ஒரு பக்கம் ஒட்ட வேண்டியிருந்தது. "வந்திரும் அண்ணன், வந்திரும்" என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் வந்து, ஒட்டி முடித்து, மோட்டார் சைக்கிளைக் கடையிலேயே விட்டுவிட்டு, இரண்டையும் ஒரு சின்ன லொறியில் ஏற்றிக் காத்தான்குடிக்குத் திரும்பும்போது நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிவிட்டது. பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்துகொண்டிருக்கும். மூத்த மருமகன் அங்கே இல்லை. மாமி என்ன சொல்லப்போகிறாவோ என்ற பயத்தோடுதான் அவன் முற்றத்துக்குள் வந்தான்.

வந்ததும் வேறு பயம் பிடித்தது.

காலையில் வேனின் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. இப்போது வீட்டைப் பார்த்து நின்றது.

வாசலுக்கு ஓடினான். சாவி ஆணியில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தான். மணம் மூஞ்சியில் அடித்தது. கேன்கள் வரிசையாக, ஒழுங்காக நின்றன. கறையான் மருந்துக் கேனைத் தூக்கினான். கை சட்டென்று மேலே போனது, அவ்வளவு இலேசு. மூடி வெடித்திருந்தது. பாதிக்கு மேல் இல்லை.

கீழே தகரத்தில் ஈரம் அகலமாகப் பரவியிருந்தது. அந்த ஈரத்தில் நாலைந்து அரிசி மணி ஒட்டிக்கிடந்தது.

"அப்ஹாம்!" என்று கத்தினான். "டேய் அப்ஹாம்!"

அப்ஹாம் ஸுஹைனாவின் தம்பி. கல்யாணம் கட்டுகிற வயசு, ஆனாலும் அந்த வீட்டில் ஓடியாடி வேலை செய்ய அவன் ஒருத்தன்தான். வாப்பா மௌத்தாகிப் பல வருசம். புதுச் சட்டையோடு ஓடிவந்தவன், மச்சானின் கையில் கேனைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"வேன எடுத்தியா?"

"உம்மாதான் செல்லிச்சி மச்சான். சனம் கூடிட்டு, அரிசி காணாது, ஓடிப் போய் ஒரு மூட எடுத்துக்கிட்டு வா எண்டு. வேற வண்டி இல்ல."

"அரிசிய எங்க வெச்சாய்?"

"இதுக்குள்ளதான்."

"கேன் உழுந்ததா?"

அப்ஹாம் தலையைக் குனிந்தான். "வேகத்தடையில ஒருக்காத் தூக்கிப் போட்டிச்சி. இறக்கக்குள்ள பார்த்தன், இது சரிஞ்சி கிடந்திச்சி. நிமித்தி வெச்சன். நீங்க ஏசுவீங்க எண்டு..."

"மூட நனைஞ்சிருந்ததா?"

"கீழப்பக்கம் கொஞ்சம். மழைத் தண்ணியாக்கும் எண்டு நெனச்சன். மச்சான், அதுக்குள்ள மருந்து இரிக்கெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியா. வண்டியில ஒண்டும் எழுதியில்லையே!"

எழுதியில்லைதான். நிஸ்தார் கேனைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஓடினான்.

பின்வளவில் அடுப்புகள் அணைந்து, கிடாரங்கள் வரிசையாக மூடியோடு இருந்தன. நெய்ச்சோற்று வாசம் ஊரைத் தூக்கியது. சமையல்கார சரீப் நானா சகன் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஆறு பேருக்கு ஒரு சகன், முற்றம் நிறையப் பாய் விரித்தாயிற்று.

"நானா, காலையில வந்த மூட எங்க?"

"எந்த மூட மகன்?"

"அப்ஹாம் கொண்டுவந்தது."

"அதப் பிரிச்சி எல்லாக் கிடாரத்துலயும் போட்டாச்சே." சரீப் நானா துணியை உதறினார். "கழுவக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ண மணம் அடிச்சிச்சி. அடுப்புக்கு ஊத்தினதாக்கும் எண்டு நாலஞ்சி தண்ணியில கழுவினன். ஏன் மகன்?"

எல்லாக் கிடாரத்திலும். ஒன்றையாவது விட்டுவைத்தாரா? இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் குரவை கேட்டது. பெண்கள் வாசலில் நின்று குரவையிட ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் பள்ளியிலிருந்து வருகிறார்கள். உம்மு குல்தூம் சந்தோசத்தில் மூச்சு வாங்கப் பின்வளவுக்கு ஓடிவந்தார்.

"சரீப் நானா, சோத்தப் போடுங்க. மருமகன், எங்க போய்த் துலைஞ்சீங்க? நிக்காஹ்வுக்கும் இல்ல..."

"மாமி, இந்தச் சோத்த ஆருக்கும் குடுக்கேலா."

அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது. கடைசியில் அவனுடைய கையைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"மருந்து அரிசிக்குள்ள போனதக் கண்ணால கண்டீங்களா?"

"இல்ல மாமி."

"பின்ன? கழுவியிரிக்கி. அவிச்சிரிக்கி. நெருப்புல என்னதான் மிஞ்சும்?"

"கழுவினாலும் போகா. அவிச்சாலும் போகா. நான் அந்த மருந்தோடயே கிடந்தவன் மாமி."

"நிச்சயமாத் தெரியுமா? நிச்சயமா, இதுல நஞ்சி இரிக்கெண்டு செல்வீங்களா?"

நிஸ்தார் உண்மையைச் சொன்னான். "தெரியா. ஒண்டுமில்லாமலும் இரிக்கலாம். இந்தச் சனம் முழுக்க மௌத்தாகவும் செய்யலாம்."

உம்மு குல்தூமின் கண் நிறைந்துவிட்டது. "தெரியாத ஒண்டுக்காக என்ட புள்ளைட கலியாணத்தக் கெடுக்கப் போறீங்களா மகன்? வந்த சனத்தப் பசியோட அனுப்பினா நாளைக்கி நிஸ்மியா அந்த மனிசர்ர மூஞ்சிய எப்பிடிப் பார்க்கிற? சத்தம் போடாம ஏதாச்சும் செய்யேலாதா?"

பாவம், தாய்தானே. கெட்ட மனுசி என்று அவரை ஆரும் நினைத்துவிடாதீர்கள். அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் ஒருத்தன் முதல் கிடாரத்தின் மூடியைத் திறந்து அகப்பையை விட்டான். நிஸ்தார் மாமியின் கையை விலக்கினான். குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினான். அந்தச் சோற்றின்மேல் வீசினான்.

"என்ன செய்யிறாய்!" சரீப் நானா அலறினார்.

நிஸ்தார் காதில் வாங்கவில்லை. அடுத்த மூடியைத் தள்ளினான், மணல். அடுத்தது, மணல். பிடிக்க வந்தவர்களை உதறினான். கடைசிக் கிடாரத்துக்கு மணலோடு சாம்பலும் விழுந்தது. முடிந்ததும் அங்கேயே நின்று மூச்சு வாங்கினான். வாசலில் குரவை நின்றுபோனது.

பக்கவாட்டுக் கேட்டால் மாப்பிள்ளையின் வாப்பா முத்தலிப் ஹாஜியார் வந்தார். பின்னால் நாலைந்து பேர். கிடாரங்களைப் பார்த்தார், நிஸ்தாரின் கையைப் பார்த்தார். "இது என்ன வேல?"

உம்மு குல்தூம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஹாஜியார், நான் பூச்சி மருந்து அடிக்கிறவன்," என்றான் நிஸ்தார். "வாசல்ல நிக்கிற வெள்ளை வேன் என்டதான். அதுக்குள்ள கறையான் மருந்து ஊத்துப்பட்டிரிக்கி. அதுலதான் அரிசி வந்திரிக்கி. அது இந்தச் சோத்துல கலந்திரிக்கலாம். பிழை என்டதான். எனக்கு எதச் செல்றதெண்டாலும் செல்லுங்க, ஒருத்தரும் இத வாயில வெக்க வேணாம்."

இனி இந்தச் சம்மந்தம் முடிந்தது என்று உம்மு குல்தூம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் முத்தலிப் ஹாஜியார் பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னார். "ஒருத்தரும் இஞ்ச பச்சத் தண்ணி குடிக்கப்படா. எல்லாரையும் பாயிலருந்து எழுப்புங்க." பிறகு நிஸ்தாரிடம் கேட்டார். "ஆரும் திண்டுட்டாங்களா?"

அட, அதை அதுவரை ஒருத்தருமே கேட்கவில்லையே!

"இல்ல ஹாஜியார்," என்றார் சரீப் நானா. "சகன் ஒண்டும் வெளியில போகல்ல. ஒருத்தரும் தின்னல்ல." குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "உப்பு..."

அந்த வீட்டில் விசேசச் சோறு எதுவானாலும் வெளியே போகுமுன் வீட்டின் மூத்த மகள்தான் உப்புப் பார்ப்பது. வாப்பா இருந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

குசினிக் கதவில் ஸுஹைனா நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"எத்தின கிடாரத்துல பார்த்தாய்?" நிஸ்தார் அவளிடம் ஓடினான்.

"எல்லாத்துலயும்," என்றாள். "உம்மாதான் எல்லாத்துலயும் பார்க்கச் சென்னிச்சி."

உம்மு குல்தூம் மணலில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்வே, என்ட வாயாலதானே தின்னச் சென்னன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்ஹாம் ஓடிப்போய் உம்மாவைப் பிடித்தான், அவனும் அழுதுகொண்டிருந்தான்.

நிஸ்தார் ஸுஹைனாவைத் தூக்காத குறையாக முற்றத்துக்குக் கொண்டுவந்தான். லொறி சாமானை இறக்கிவிட்டுப் போய்விட்டது, அவன் கையில் இருந்த ஒரே வண்டிச்சாவி அந்த வேனின் சாவி. அதற்குள் இவளை ஏற்றுவதா? தெரு முழுக்க மாப்பிள்ளை வீட்டாரின் வாகனங்கள் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நின்றன. அப்போது முக்கில் ஜெயரூபனின் நீலக்கார் வந்து நின்றது. சொன்னபடி படம் எடுக்க வந்திருக்கிறார். நிஸ்தாரின் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் விசாரிக்கவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டார்.

"எங்க, பெரியாஸ்பத்திரிக்கா?"

"ஓமண்ணன். கெதியா."

கார் மட்டக்களப்பு ரோட்டில் ஏறியது. நிஸ்தார் அவளுடைய கையை விடவே இல்லை. கண்ணைப் பார்த்தான், நாடியைப் பார்த்தான், நெற்றியைத் தொட்டான்.

"என்ன செய்யிது புள்ள? மறைக்காமச் செல்லு. வயிறு நோகுதா? தலை சுத்துதா?"

"ஒண்டுமில்ல. நீங்க இப்பிடிப் பார்க்காதீங்க, எனக்குப் பயமாரிக்கி." முந்தானையால் வாயைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் துடைத்தாள். "வாய்தான் ஊறிக்கிட்டே வருது."

டோஹாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து உடம்புக்குள் போனால் முதலில் எச்சில் ஊறும், நிற்காமல் ஊறும்.

"எப்பவிருந்து ஊறுது?"

"எப்பவிருந்தா? புள்ள தங்கின நாளையிலருந்து ஊறுதுதானே. நேத்தும் துப்பிக்கிட்டுத்தானே கிடந்தன்."

"நேத்து ஊறினது மாதிரியா? இல்லாட்டி இது வேறயா? கூடவா? யோசிச்சிச் செல்லு."

ஸுஹைனா யோசித்தாள். வாயைத் துடைத்த இடத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கதானே மருந்துக்காரன். நீங்க செல்லுங்க, இது புள்ளையா, உங்கட மருந்தா?"

நிஸ்தாருக்குத் தெரியவில்லை. கல்லடிப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நெருங்கி நின்றன. ஜெயரூபன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை.